மடங்காத பெரிய கத்தியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: செட்டிநாட்டு வேலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கங்களில் பூர்வீக வீட்டையோ தோப்பையோ பராமரிக்கும் எவருக்கும் மடங்காத பெரிய கத்தி ஒன்று தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒரு தெருவில் தலைவாசலும் மறு தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகளில், ஆள் புழங்காத பின்கட்டு ஒரே மழைக்காலத்தில் சீமைக்கருவேலங்கன்றுகளாலும் கொடிகளாலும் மூடிக்கொள்கிறது. அதைச் சுத்தம் செய்ய ஊருக்கு வருபவர்கள், இணையத்தில் விற்கும் இராணுவக் கத்திகளின் மினுக்கத்தைப் பார்த்து ஒன்றை வாங்கி, இரண்டு மாதத்தில் பிடி ஆடியும் வாய் மழுங்கியும் போன கத்தியை மூலையில் போட்டுவிடுகிறார்கள். ஒரு கத்தியின் தரத்தை முடிவு செய்கிற இரண்டு விஷயங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. ஒன்று, இரும்புக்குக் கொடுக்கப்பட்ட தோய்ச்சல், அதாவது காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்கிப் பதப்படுத்துவது; மற்றொன்று, பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பு. இவ்விரண்டையும் எப்படிக் கேட்டும் தொட்டும் சோதித்தும் தெரிந்துகொள்வது என்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதல் படி: வேலையைப் பட்டியலிடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன், அந்தக் கத்தியால் ஓராண்டில் என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கயிறு, சாக்கு, பிளாஸ்டிக் குழாய் ஆகியவற்றை அறுப்பது, மூங்கில் சீவுவது, சுள்ளி ஒடிப்பது, விரல் பருமனுள்ள கிளைகளைக் கழிப்பது ஆகியவை ஒரு வகை. மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்பட்ட கருவேல மரத்தை வெட்டுவது, தென்னை மட்டை கழிப்பது, விறகு பிளப்பது ஆகியவை வேறு வகை. முதல் வகை வேலைகளுக்கு நேரான பெரிய கத்தி பொருந்தும். இரண்டாம் வகை வேலைகளே உங்கள் பட்டியலில் மிகுதி என்றால், கத்தி வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு நல்ல வெட்டரிவாள் ஒன்றை அடித்து வாங்குவதே சரி. எடை முன்பக்கம் தங்கும் வளைந்த வடிவம் ஓங்கி வெட்டுவதற்கென்றே உருவானது; முள்ளுள்ள கிளையைத் தன் பக்கம் இழுத்து வெட்டவும் அந்த வளைவு உதவும். நேபாளத்து வளைகத்தியான குக்ரியும் முன்பக்க எடை என்ற அதே அறிவைக் கொண்டதுதான்.

இரண்டு வேலைகளையும் ஒரே கருவி செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் பெரும்பாலான தவறான தேர்வுகள் தொடங்குகின்றன. வசதி இருந்தால் ஓர் அரிவாளும், அதைவிடச் சிறிய நேர்க்கத்தி ஒன்றும் வைத்துக்கொள்வது எல்லா வகையிலும் சிறந்தது.

இரண்டாம் படி: சண்டைக்கான வடிவத்தை ஒதுக்குங்கள்

போர்க்கத்தி என்ற பெயரில் விற்கப்படும் வடிவங்கள் எல்லாம் ஒரே நோக்கத்தில் பிறந்தவை அல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோ படையினருக்கு வழங்கப்பட்ட ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்தி, இரு பக்கமும் வாய் உள்ள, ஒடுங்கிய, குத்துவதற்கு மட்டுமே ஆன கருவி. அதைக் கொண்டு பெட்டியை நெம்பினால் முனை ஒடிந்துவிடும். ஏறக்குறைய அதே காலத்தில், 1942-இல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை ஏற்றுக்கொண்ட கா-பார் வகைக் கத்தி, 7 அங்குல அலகும், ஒரு பக்க வாயும், தோல் வட்டுகளை அடுக்கிய பிடியும் கொண்டது. சிப்பாய்கள் அதைச் சண்டைக்கென்று வைத்திருந்தாலும், பெட்டி திறக்கவும், குழி தோண்டவும், கட்டை அடிக்கவும், டப்பா உடைக்கவுமே அன்றாடம் பயன்படுத்தினார்கள். பின்னால் வந்த வேலைக்கத்திகள் பலவற்றுக்கும் முன்மாதிரியாக நின்றது இந்த இரண்டாவது வடிவமே. இராணுவத்திலேயே வேலைக்கு ஏற்ற கத்திதான் நிலைத்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே, இரு பக்கமும் வாய் உள்ள எதையும் தோட்ட வேலைக்கு வாங்காதீர்கள். மழுங்கிய முதுகு இருந்தால்தான் இடது உள்ளங்கையை வைத்து அழுத்த முடியும். கட்டையால் முதுகில் தட்டிச் சிறு விறகைப் பிளக்க முடியும். முதுகில் வெட்டப்பட்ட ரம்பப் பற்கள் பார்க்க அழகாக இருந்தாலும், மரம் அறுப்பதற்கு அவை பெரும்பாலும் பயன்படுவதில்லை. தட்டும் கட்டையைத்தான் கிழிக்கும். அலகின் பக்கவாட்டில் ஓடும் நீண்ட பள்ளத்தை இரத்தம் வடிவதற்கானது என்று விற்பவர்கள் சொல்வது உண்டு. உண்மையில் அது எடையைக் குறைக்க இடப்படுவது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் வேலைக்கு வேறுபாடு இல்லை.

மூன்றாம் படி: சட்டத்தின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் கீழ் வந்த 2016-ஆம் ஆண்டு விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைக் கொண்ட வாள், குத்துவாள், கத்தி முதலியவை படைக்கலம் என்ற வகைக்குள் வருகின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைக்கப்பட்டவை இதற்கு விலக்கு. வெட்டரிவாள் வேளாண் கருவியாக நிற்பது இந்த விலக்கினால்தான். ஆனால் இணையத்தில் போர்க்கத்தி என்றே பெயரிட்டு விற்கப்படும் 10 அங்குல நேர்க்கத்தியை வேளாண் கருவி என்று விளக்குவது கடினம். அதனால் நேர்க்கத்தி வாங்குகிறவர்கள் அலகின் நீளத்தை 9 அங்குலத்துக்குள்ளும் (ஏறத்தாழ 22.8 செ.மீ.), அகலத்தை 2 அங்குலத்துக்குள்ளும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை, அரிவாள், கத்தி செய்யும் பட்டறைகளும் கடைகளும் வாங்குவோரின் பெயர், முகவரி, தேவை ஆகியவற்றைக் குறித்து வைக்குமாறு அறிவுறுத்தியது. பட்டறையில் உங்களிடம் விவரம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அடையாள அட்டையைக் கையில் கொண்டு செல்லுங்கள். வாங்கிய கருவியை உறையிட்டு, சாக்கில் சுற்றி, நேரே வீட்டுக்கோ தோப்புக்கோ எடுத்துச் செல்லுங்கள். வண்டியின் இருக்கைக்கடியில் எப்போதும் போட்டு வைத்திருப்பது, இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவது, திருவிழாக் கூட்டத்தில் கொண்டு நடப்பது ஆகியவை வேலைக்கருவி என்ற பாதுகாப்பை நீங்களே இழக்கும் வழிகள்.

நான்காம் படி: நீளம், கனம், எடை நிற்கும் இடம்

நேர்க்கத்திக்கு 18 முதல் 22 செ.மீ. வரையிலான அலகு போதும். அதற்குக் குறைந்தால் ஓங்கும் வேகத்துக்கு ஏற்ற எடை கிடைக்காது. கூடினால் நுணுக்கமான அறுப்பு வேலை கடினமாகும். முதுகின் கனம் 4 முதல் 5 மி.மீ. இருக்கட்டும். 6 மி.மீ. கனத்தில் வருகிற கத்திகள் வலிமையானவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் மரத்துக்குள் புகாமல் ஆப்பு மாதிரி முட்டி நிற்பதும், மாலைக்குள் மணிக்கட்டு வலிப்பதும் அந்தக் கனத்தினால்தான்.

எடை எங்கே நிற்கிறது என்பதை ஆள்காட்டி விரலின் மேல் கத்தியைக் கிடத்திப் பாருங்கள். பிடியும் அலகும் சேரும் இடத்திலேயே சமமாக நின்றால் அறுக்கவும் சீவவும் ஏற்றது. அங்கிருந்து 3 முதல் 5 செ.மீ. முன்னால் தள்ளி நின்றால் வெட்டுவதற்கு ஏற்றது. பிடிப்பக்கம் சாய்ந்தால் வாங்க வேண்டாம். அந்தக் கத்தி எத்தனை முறை ஓங்கினாலும் முழு வேலையையும் உங்கள் தோளிடமே கேட்கும்.

ஐந்தாம் படி: இரும்பும் தோய்ச்சலும்

இதுதான் முழு வழிகாட்டியின் மையம் என்பதால் இங்கே சற்று நிதானமாகப் படியுங்கள்.

கத்திக்கான இரும்பு, கடினமாகும் அளவுக்குக் கார்பன் கலந்த எஃகாக இருக்க வேண்டும். கட்டடக் கம்பி, பட்டைத் தகடு போன்ற கார்பன் குறைந்த மென்மையான இரும்பில் அடித்த அரிவாளை எப்படிக் காய்ச்சித் தோய்த்தாலும் வாய் நிற்காது. நம் பட்டறைகளில் பெரும்பாலும் பயன்படுவது லாரியின் வில்பட்டை. இது மிக நல்ல தேர்வு. வில்பட்டை எஃகு வகைகளில் ஒன்றான 5160-இல் ஏறத்தாழ 0.56 முதல் 0.64 சதவீதம் கார்பனும், 0.7 முதல் 0.9 சதவீதம் குரோமியமும் உண்டு. லாரியின் பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்வதற்கென்றே ஆன இரும்பு, ஓங்கி வெட்டும்போது வரும் அதிர்ச்சியையும் தாங்கும். பழைய பட்டை என்றால் ஒரு கவனம் வேண்டும். ஆண்டுக்கணக்கில் வளைந்து வளைந்து அதில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். காய்ச்சித் தோய்க்கும்போது அந்த விரிசல் அகலும். நல்ல ஆசாரிகள் உடைந்த பட்டையின் முறிந்த இடத்தை ஒட்டிய பகுதியைத் தள்ளிவிட்டு மற்றதைத்தான் எடுப்பார்கள். எந்தப் பட்டை என்று கேளுங்கள். கேட்பதை அவர்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

தொழிற்சாலைக் கத்திகளில் 1075, 1095 என்ற எண்கள் கார்பன் எஃகைக் குறிக்கும். 1095-இல் கார்பன் 0.9 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் கூர்மை நன்றாக நிற்கும். ஆனால் துருவும் எளிதில் பிடிக்கும். டி2 என்ற எஃகு நெடுநாள் மழுங்காது. எனினும் அதிர்ச்சி தாங்கும் குணம் அதற்குக் குறைவு. செம்மண்ணில் சரளைக்கல் கலந்து கிடக்கிற நம் நிலத்தில், தரையோடு ஒட்டிய கன்றை வெட்டும்போது கத்தி கல்லில் படுவது தவிர்க்க முடியாதது. அப்போது வில்பட்டை எஃகின் வாய் மடங்கும். டி2-வின் வாய் பல்லுப்பல்லாகப் பெயரும். மடங்கியதைத் தேய்த்துச் சரிசெய்யலாம். ஆதலால் வெட்டு வேலைக்கு டி2 வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. துருப்பிடிக்காத 420 வகை எஃகு மலிவான கத்திகளில் வரும்; சமையலறைக்குச் சரி, கருவேல மரத்துக்கு அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். எஃகின் பெயரே குறிப்பிடாமல், பளபளப்பையோ அலையலையான கோலத்தையோ மட்டும் காட்டி விற்கப்படும் கத்திகளை ஒதுக்கிவிடுங்கள்.

எஃகு நல்லதாக இருந்தாலும் தோய்ச்சல் கெட்டால் எல்லாம் கெட்டது. எஃகை ஏறத்தாழ 770 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சும்போது அது காந்தத்தில் ஒட்டும் குணத்தை இழக்கும். அதற்குச் சற்று மேலே கொண்டுபோய், எண்ணெயில் சட்டெனத் தோய்த்தால் அது மிகவும் கடினமாகிறது. அந்த நிலையில் அப்படியே விட்டால் தரையில் விழுந்தாலே உடையும். அதனால் மறுபடி மிதமாகச் சூடாக்கி, கடினத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து உறுதியை வாங்க வேண்டும். தேய்த்து வெளுத்த இரும்பின் மேல் அப்போது நிறங்கள் ஓடும்: ஏறத்தாழ 225 பாகையில் வைக்கோல் மஞ்சள், 255-இல் பழுப்பு, 275-இல் ஊதா, 300-இல் நீலம். ஓங்கி வெட்டும் கருவிக்கு வாய்ப்பக்கம் பழுப்பிலிருந்து ஊதாவுக்குள்ளும், முதுகு நீலத்திலும் நிற்பது நல்லது. உலையின் வெளிச்சத்தில் அந்த நிறம் ஓடும் கணத்தைக் கண்ணால் பிடித்து நிறுத்தும் ஆசாரியின் அறிவுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். சிவகங்கை மாவட்டத்திலேயே உள்ள திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர்; அங்கோ, உங்கள் ஊரிலேயே இன்னும் உலை மூட்டும் பட்டறையிலோ, என்ன வேலைக்கு என்று சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். ஆயத்தமாகத் தொங்கும் சரக்கைவிட இது நூறு மடங்கு மேல்.

தொழிற்சாலைக் கத்தி என்றால், எஃகு எவ்வளவு கடினமானது என்பதைக் காட்டும் ராக்வெல் எண்ணைப் பாருங்கள். பெரிய கத்திக்கு 54 முதல் 58 வரை ஏற்றது. 60-ஐத் தாண்டுகிறது என்று பெருமையாக விளம்பரம் செய்தால், அது சிறிய கத்திக்கான பெருமை என்று விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: பிடிக்குள் இருப்பதைக் கேளுங்கள்

அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம், எவ்வளவு அகலத்தில் இறங்குகிறது என்பதே ஓங்கும்போது உங்கள் கைக்கும் எதிரில் நிற்பவருக்கும் உள்ள பாதுகாப்பு. பிடியின் முழு நீளத்துக்கும் முழு அகலத்துக்கும் இரும்பு ஓடி, இரு பக்கமும் கட்டைகளை வைத்துத் தறையடித்திருந்தால் அதை ஃபுல் டாங் என்பார்கள். நேர்க்கத்தியில் இதைத் தேடுங்கள். விளிம்பைப் பார்த்தாலே இரும்பு தெரியும். இரும்பு ஒடுங்கிப் பிடிக்குள் மறைவதும் தவறல்ல. கா-பார் அப்படித்தான், நம் அரிவாளும் அப்படித்தான். ஆனால் அந்த ஒடுங்கிய இரும்பு பிடியின் மறுமுனை வரை வந்து, அங்கே அடித்து மடக்கப்பட்டிருக்க வேண்டும். முன்பக்கம் மரம் பிளக்காதபடி பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். அலகோடு மெல்லிய கம்பியைப் பற்றவைத்து, அதைப் பிளாஸ்டிக் பிடிக்குள் பசை ஊற்றி நிறுத்திய கத்திகள்தான் ஆபத்தானவை. ஓங்கும்போது பற்றவைத்த இடத்தில் முறிந்து அலகு தனியே பறக்கும்.

பிடிக்கு மரம் என்றால் நாட்டுக்கருவேலமோ பூவரசோ கேளுங்கள். இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வரும் பர்மாத் தேக்குத் துண்டுகளைப் பிடியாகப் போட வேண்டும் என்ற ஆசை நம் பக்கத்தில் பலருக்கு உண்டு. தேக்கு செல்லரிக்காது, வளையாது என்பது உண்மை. தூணுக்கும் கதவுக்கும் அதை மிஞ்ச மரம் இல்லை. ஆனால் தொடர்ந்து வரும் அதிர்ச்சியை அது நன்றாகத் தாங்குவதில்லை. வெட்டரிவாளின் பிடியில் நார் வாக்கில் பிளந்துவிடும். அறுப்புக் கத்திக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

பிடியின் வடிவத்தைப் பொறுத்தவரை, மூடிய கையில் சுண்டுவிரலுக்குப் பின்னால் சிறிய கொக்கி போன்ற புடைப்பு இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் வியர்த்த கை நழுவாமல் தடுப்பது அதுதான். நான்கு விரலுக்கும் தனித்தனிப் பள்ளம் வெட்டிய பிடிகள் வேறு ஒருவரின் கைக்கு அளவெடுத்தவை. உங்கள் கையில் கொப்புளத்தைத்தான் தரும்.

ஏழாம் படி: வாங்கும் இடத்தில் செய்யும் சோதனைகள்

வாயை உங்களுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, கத்தியைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து, முதுகு வழியாக ஒரு கண்ணால் பாருங்கள்; முதுகும் வாயும் ஒரே கோட்டில் ஓட வேண்டும். தோய்க்கும்போது முறுக்கிக்கொண்ட அலகு இதில் தெரிந்துவிடும். அடுத்து, பிடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு அலகைச் சிறிய கம்பியால் தட்டுங்கள். தெளிவான நாதம் எழுந்தால் நல்லது. செத்த ஓசை வந்தால் விரிசலோ, பிடி ஆட்டமோ இருக்கிறது. புதிய அரத்தை வாய்க்கருகில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சறுக்கிக்கொண்டே போனால் இறுக்கம் அதிகம், வாய் பெயரும். வெண்ணெய் போல அள்ளினால் தோய்ச்சலே இல்லை. தயங்கித் தயங்கி இலேசாகப் பிடித்தால் அதுவே வேண்டிய பதம்.

கூர் தீட்டியபின் செய்யக்கூடிய இன்னொரு சோதனை உண்டு. 6 மி.மீ. பித்தளைக் கம்பியை மேசையில் படுக்க வைத்து, கத்தியின் வாயை 15 பாகைச் சாய்வில் அதன்மேல் அழுத்தி இழுங்கள். வாய் இலேசாக வளைந்து, கம்பியை விட்டதும் நேராகத் திரும்பினால் தோய்ச்சல் சரியானது. வளைந்தபடியே நின்றால் மென்மை. துகளாகப் பெயர்ந்தால் கடினம் மிகுதி. ஆசாரியின் அனுமதியோடு, அவர் முன்னிலையில் இதைச் செய்யுங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் தடுக்கமாட்டார்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய கத்தி, அரிவாள் கண்ணில் பட்டால், வேலைக்கென்று வாங்காதீர்கள். துரு ஆழமாகத் தின்ற குழிகள் வாய்ப்பக்கத்தில் இருந்தால் கூர் நிற்காது. பிடிக்குள் இருக்கும் இரும்பு எவ்வளவு மிச்சம் என்பதை வெளியிலிருந்து அறிய வழி இல்லை.

எட்டாம் படி: முதல் கூரும், பிறகு வரும் பராமரிப்பும்

புதுக் கத்தியை மின்சாரச் சாணையில் உலர்வாகக் கொடுக்காதீர்கள். பொறி பறக்கும் வேகத்தில் மெல்லிய வாய் நொடியில் 300 பாகையைத் தாண்டி நீலம் பாயும். ஆசாரி உழைத்துக் கொடுத்த தோய்ச்சல் அந்த இடத்தில் போய்விடும். நீலம் பாய்ந்த பகுதியைத் தேய்த்தே நீக்க வேண்டும். வேறு மருந்து இல்லை. சொரசொரப்பான 400 எண் கல்லில் தொடங்கி நைசான 1000 எண் கல்லில் முடித்து, நீர் தெளித்துக் கையாலேயே தீட்டுங்கள். அறுப்புக் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 20 பாகை, கருவேலம் வெட்டும் அரிவாளுக்கு 25 பாகை சாய்வு போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கார்பன் எஃகு ஓரிரவில் துருவேறும். காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் முக்கியத் துறைகளில் ஒன்றே உலோக அரிப்பு பற்றிய ஆராய்ச்சிதான் என்பதை நினைத்தால், இந்தத் தொல்லையை இலேசாக எண்ணத் தோன்றாது. இளநீரும் மரப்பாலும் பட்ட அலகை அன்றே கழுவி, துடைத்து, வெயிலில் சற்றுக் காய வைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லிதாகத் தடவுங்கள். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் படியும். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் தேவலாம். தோலுறைக்குள் கத்தியை மாதக்கணக்கில் வைக்கக்கூடாது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதோடு, பதனிடும்போது ஏறிய உப்பும் இரும்பைத் தின்னும். எடுத்துச் செல்லும்போது மட்டும் உறை. வீட்டில் எண்ணெய்த் துணி சுற்றி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

முதல் மாதம் வேலை செய்த பிறகு பிடியை மறுபடி சோதியுங்கள். புது மரம் காய்ந்து சுருங்கும்போது பூண் தளர்வது வழக்கம். பிடி இம்மியளவு ஆடினாலும் பட்டறைக்கே கொண்டுபோய், பூணை இறக்கி, பின்முனையை மறுபடி அடித்து வாங்கிக்கொண்ட பிறகே அடுத்த வெட்டுக்கு ஓங்குங்கள்.